29.8லிருந்து 30.3க்கு ஏன் தாவுகிறது?

ஆர்டுயினோ ஊனோ பலகையில் எல்எம்35 வெப்ப உணரியை இணைத்துப் பார்ப்பவர்கள் ஒரு விந்தையைக் கவனித்திருப்பார்கள். அறையின் சூடு மெல்லத்தான் ஏறும். திரையில் எண்ணோ 29.8 டிகிரியிலிருந்து நேராக 30.3க்குத் தாவும். இடையில் ஒன்றும் கிடையாது.

பழுது உணரியில் இல்லை. பலகையிலுள்ள ஏடிமெகா328பி சில்லின் ஏடிசி, அதாவது மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி, 5 வோல்ட்டை 1,024 படிகளாகக் கூறுபோடுகிறது. ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். எல்எம்35 தருவதோ டிகிரிக்கு 10 மில்லிவோல்ட். ஆக, எண் அரை டிகிரி அரை டிகிரியாகத்தான் நகரும்.

ஏடிசி அளவுகோலாகக் கொள்ளும் இந்த 5 வோல்ட் ஒப்பீட்டு மின்னழுத்தத்தைச் சில்லுக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட்டுக்கு மாற்றினால், படி ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட்டாகச் சுருங்கும். அளவு 110 டிகிரியோடு நின்றுவிடும். அறை வெப்பத்துக்கு அது தாராளம். ஆனால் இந்த 1.1 என்பது சில்லுக்குச் சில்லு 1.0 முதல் 1.2 வரை மாறக்கூடியது. பலகையின் ஏரெஃப் முனையில் மல்டிமீட்டரை வைத்து உண்மை அளவைப் பார்த்து, அதையே நிரலில் எழுதுவதுதான் சரி. ஒப்பீட்டு மின்னழுத்தத்தை மாற்றியதும் வரும் முதல் அளவீட்டை நம்பக் கூடாது, தள்ளிவிட வேண்டும்.

வேகமும் முக்கியம். தராசில் பெரிய எடைக்கல்லில் தொடங்கிச் சின்னது வரை வைத்துப் பார்ப்பதுபோல, ஏடிசி பத்து முறை ஒப்பிட்டே விடையை எட்டுகிறது. அவசரப்படுத்தினால் கடைசி இலக்கங்கள் பிசகும். முழுத் துல்லியத்துக்கு அதன் கடிகாரம் 50 முதல் 200 கிலோஹெர்ட்ஸுக்குள் ஓட வேண்டும். பலகையின் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 64ஆல் வகுத்தால் 250, எல்லை தாண்டிவிடும். 128ஆல் வகுத்தால் 125. ஆர்டுயினோ அதைத்தான் வைத்திருக்கிறது. ஓர் அளவீட்டுக்கு 13 துடிப்பு, அதாவது 104 மைக்ரோவினாடி.