இடைவெளியில் சிக்கிய கணிப்பொறி

2016 ஜூலை 20 அன்று, நிரல் எழுதுவோர் ஐயம் கேட்கும் 'ஸ்டேக் ஓவர்ஃப்ளோ' இணையதளம் 34 நிமிடங்கள் முடங்கிற்று. காரணம், ஒரு பதிவின் நடுவே கிடந்த சுமார் 20,000 வெற்று இடைவெளிகள்!

வரியின் கடைசியிலுள்ள இடைவெளிகளை நீக்க, அங்கே 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்னும் தேடல் வாய்பாடு இருந்தது. அது முதல் இடைவெளியில் தொடங்கி 20,000-ஐயும் கடந்து போகும். அங்கே வேறோர் எழுத்து நிற்கும். வரி முடியவில்லையே! உடனே திரும்பி வந்து, இரண்டாவது இடைவெளியில் தொடங்கும், பிறகு மூன்றாவதில். 20,000 + 19,999 + ... + 1 என்று கூட்டிப் பாருங்கள்: ஏறத்தாழ 20 கோடி சோதனைகள்! இடைவெளிகள் இரட்டித்தால் வேலை நான்கு மடங்காகும்.

வாய்பாட்டை எடுத்துவிட்டு, சொற்றொடரைத் தேவையான அளவு வெட்டியெடுக்கும் எளிய கட்டளையை வைத்தார்கள். வாலிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால் போதுமே! இடைவெளியல்லாத முதல் எழுத்திலேயே நின்றுவிடலாம். நடுவிலுள்ள 20,000 பக்கம் போகவே வேண்டாம்.