விழுந்த பல்லுக்குப் பால்

விழுந்த பல் என்றாலே நமக்கு அது முடிந்துபோன பொருள். பால்பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்த வழக்கம் அந்த எண்ணத்தை நம் மனத்தில் ஆழமாகப் பதித்துவிட்டது. பால்பல்லுக்கு அது சரி. ஆனால் ஏழெட்டு வயதில் முளைக்கும் முன்பல், திடலில் முட்டி மோதியோ படிக்கட்டில் தடுக்கியோ வேரோடு கழன்று விழுந்தால், அது இன்னும் சாகவில்லை. சுவரில் அறைந்த ஆணியைப்போல் பல் தாடை எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்த்திசு இருக்கிறது. ஏணை பிள்ளையைத் தாங்குவதுபோல் அதன் இழைகள் பல்லைத் தாங்குகின்றன. நாம் கடிக்கும் ஒவ்வொரு கடியின் அதிர்ச்சியையும் அவைதான் வாங்கிக்கொள்கின்றன. பல் பிடுங்கப்படும்போது இந்தத் திசு கிழிகிறது. ஒரு பாதி எலும்புக் குழியில் தங்கிவிட, மறுபாதி வேரின்மேல் ஒட்டிக்கொண்டு வருகிறது. வேரில் ஒட்டிய உயிரணுக்கள் உயிரோடு இருக்கையிலேயே பல்லைக் குழியில் திரும்ப வைத்துவிட்டால் இரண்டு பாதிகளும் கூடிவிடும். காய்ந்து செத்துவிட்டால், உடல் அந்த வேரையும் எலும்பென்றே எண்ணி, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல அரித்து எலும்பாக மாற்றிவிடும். காய்ந்த நிலையில் அரை மணி நேரம் கிடந்தாலே பெரும் இழப்பு. ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிடும்.

ஆகவே அந்தப் பல்லைக் காப்பாற்றுவது முதலில் பல் மருத்துவர் அல்ல, பக்கத்தில் நிற்பவர்தான். அவர் செய்யக்கூடிய மிக எளிய காரியம், பல்லைப் பாலில் போடுவது. கைவைத்தியம்போல் தோன்றும் இது, பல் காயங்களுக்கான பன்னாட்டு வழிகாட்டுதல்களிலேயே உள்ள அறிவுரை. குழாய்த் தண்ணீரில் உப்புச்செறிவு இல்லாததால், ஊறவைத்த உலர்திராட்சை உப்புவதுபோல் உயிரணுக்கள் நீரை உறிஞ்சி வீங்கி வெடிக்கின்றன. பாலின் செறிவோ நம் உடல் திரவத்தின் செறிவுக்கு மிக அருகில் இருக்கிறது, அமிலத்தன்மையும் குறைவு. பெட்டியில் அடைத்து வரும் நெடுநாள் பாலும் போதும். கோப்பிக்கடை டின் பால் மட்டும் கூடாது. அதிலுள்ள சர்க்கரை, உப்பிலிட்ட மாங்காயைப்போல் உயிரணுக்களைச் சுருக்கிவிடும்.

இளநீர் ஆகாதா என்று பினாங்கில் ஒருவர் கேட்பது இயல்பு. தெருவுக்குத் தெரு கிடைப்பது அதுதானே. இந்தக் கேள்விக்குச் சென்னையிலிருந்தே ஒரு விடை வந்தது. அங்குள்ள பல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இளநீரில் வைத்த உயிரணுக்கள் பாலில் வைத்தவற்றைவிட நன்றாகவே பிழைத்திருந்தன. படித்தவர்களுக்கு உற்சாகம் பிறந்தது, எனக்கும் அந்த உற்சாகம் புரிகிறது. ஆனால் பின்னர் வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் இளநீர் பாலுக்கு எட்டாமல் பின்தங்கியது. இளநீர் புளிப்புத்தன்மை கொண்டது. காயின் முதிர்ச்சிக்கேற்ப அது மாறவும் செய்யும். நம் மரத்து நீர் என்பதற்காக ஓர் ஆய்வைப் பிடித்துக்கொள்வது நியாயமாகாது. பால் இருக்கும் இடத்தில் பால்தான். அதுவும் இல்லையென்றால், பிள்ளையின் உமிழ்நீரையே ஒரு கிண்ணத்தில் துப்பச் சொல்லி அதில் பல்லை வைக்கலாம்.

இவ்வளவு எளிய செய்தி ஏன் எல்லாருக்கும் தெரியவில்லை? பள்ளிப் பல் நலக் கல்விக்கு இங்கே பஞ்சமில்லை. நியூசிலாந்தில் 1921இல் தொடங்கிய பள்ளிப் பல் தாதியர் முறையைப் பின்பற்றி, மலாயாவின் பயிற்சிப் பள்ளி 1949இல் பினாங்கில்தான் உருவானது. அங்கே பயின்ற தாதியர் பள்ளி பள்ளியாகச் சென்று பிள்ளைகளின் சொத்தைப் பற்களை அடைத்தார்கள், பல் துலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பணியின் பெருமையைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. எனினும் அந்தக் கல்வி பிரஷும் பேஸ்டும் மிட்டாயும் என்ற வட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டது என்பதுதான் என் குறை. சொத்தை பல மாதங்களில் வருவது. அதற்குச் சொல்லித்தரக் காலம் உண்டு. அடிபட்ட பல்லுக்கு நிமிடங்களே உண்டு. அந்த நிமிடங்களில் அங்கிருப்பவர் உடற்கல்வி ஆசிரியரும் சிற்றுண்டிச்சாலை அக்காவும்தான். பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளிலும் முதலுதவிப் பெட்டிக்கு மேலே இதைப் பற்றி ஓர் ஒற்றைத் தாள் ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்?

அரிதாக நடப்பதற்கு இத்தனை ஏற்பாடா என்று கேட்பார்கள். அரிதல்ல, மேற்சொன்ன வழிகாட்டுதல்களே பள்ளிப் பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்குப் பல் காயம் ஏற்படுவதாகக் கூறுகின்றன. முழுப்பல்லும் கழல்வது அதில் சிறு பங்குதான், ஆனால் வழி தெரியாததால் அதிகம் இழப்பதும் அங்கேதான். இப்போது செயற்கை வேர் பதிக்கலாமே என்பது இன்னொரு வாதம். வளரும் தாடையில் அதைப் பதிக்க முடியாது. பக்கத்துப் பற்கள் எலும்போடு சேர்ந்து இறங்கிவர, அது மட்டும் அங்கேயே நின்றுவிடும். ஆகவே வளர்ச்சி நிற்கும்வரை பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். திரும்ப வைத்த சொந்தப்பல் பிறகு என்றேனும் போய்விட்டாலும், அதுவரை அந்த இடத்தின் எலும்பைக் காத்துத் தந்திருக்கும். பல்லைக் குழியில் வைக்க ஆசிரியர் அஞ்சுவது நியாயமே. அஞ்சுபவர் பாலில் போட்டுக் கொண்டுபோனால் போதும்.

பல்லை வெண்மையான மேற்பகுதியில்தான் பிடிக்க வேண்டும், வேரைத் தொடக் கூடாது. அழுக்கிருந்தால் பாலில் மெல்ல அலசலாம். சோப்பு போடுவதும் துணியால் துடைப்பதும் மிச்சமுள்ள திசுவையும் உரித்துவிடும். துணிவுள்ளவர் அப்படியே குழியில் வைத்து, பிள்ளையைக் கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லலாம். பால்பல்லை மட்டும் திரும்ப வைக்கக் கூடாது. உள்ளே வளரும் நிலைப்பல்லுக்குக் கேடு வரும். உதடு கிழிந்திருந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்கலாம். கோப்பித்தூளும் மஞ்சளும் அப்புவதை நம் வீடுகள் விட்டுவிட வேண்டும். புறப்படும் முன் கடிகாரத்தைப் பார்த்து, பல் விழுந்த நேரத்தையும் பாலில் போட்ட நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது, பல் எத்தனை நிமிடம் வெளியில் காய்ந்து கிடந்தது என்பதைத்தான்.