பழைய வண்டிக்குப் புதிய பிரேக்

வாப்பா ஓட்டிய பழைய புல்லட்டைப் பிள்ளைகள் புதுப்பிக்க விரும்புவதைப் பல இல்லங்களில் காண்கிறோம். 1950களில் சென்னையில் உற்பத்தி தொடங்கிய வண்டி அது. அதன் பழைய டிரம் பிரேக், இன்றைய நெடுஞ்சாலை வேகத்துக்குப் போதுமா? சற்றே சிந்தியுங்கள்.

வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். தொடர்ந்து பிடித்தால் டிரம் சூடேறி விரிவதால் பிடிப்புத் தளரும். திறந்த காற்றில் சுழலும் டிஸ்க்கோ விரைவில் குளிரும்.

ஆகவே முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் நன்று. ஆனால், அத்துடன் பணி முடிவதில்லை. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது; அதைத் தாங்குவது ஃபோர்க். தளர்ந்த ஸ்பிரிங்கும் பழைய ஆயிலும் உள்ள ஃபோர்க்கில் வலிய பிரேக்கைப் பொருத்தினால் வண்டி நிலைகுலையும். பழைய ஃபோர்க்கில் இரும்புத்துண்டை வெல்டிங் செய்து டிஸ்க் மாட்டுவது பேராபத்து. டயர் தேய்ந்திருந்தாலோ, சக்கரம் சுழலாது நின்று வழுக்கும். எனவே டயர், வீல், ஃபோர்க், பிரேக் நான்கையும் ஒருசேரச் சீர்செய்வதே முறை. டியூப்லெஸ் டயருக்குரிய வீல் பொருத்தினால், ஆணி குத்தினாலும் காற்று பெரும்பாலும் மெல்லவே இறங்கும்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆதலால், முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

பெயின்ட்டுக்கும் சைலன்சருக்கும் பணம் ஒதுக்குமுன் பிரேக்குக்கு ஒதுக்குங்கள். பின்னிருக்கையில் அமர்ந்து வருபவர் உங்கள் தாயாகவோ, மனைவியாகவோ, மகளாகவோ இருக்கலாம் அல்லவா?