அப்பாவைத் தூக்கத் தெரியாத பிள்ளை!

போன மார்கழியில் ஒரு விடியற்காலை. கண்டமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்பா வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் பெரிசில்லை, எழுந்திருக்கத்தான் முடியவில்லை. 34 வயசு மகன் நான், இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குகிறேன்... அப்பா அசையவில்லை. என் முதுகுதான் 'மளுக்'கென்றது!

கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அறுபதைத் தொடப்போகிறவர். லாரியில் கரும்புக் கட்டு ஏற்றுகிற ஆள். "தள்ளிக்க தம்பி" என்றவர், அப்பாவை அலாக்காகத் தூக்கித் திண்ணையில் உட்கார வைத்தார். அப்போது அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்... அதை எழுத்தில் போட முடியாது சார்!

அன்றைக்கே தண்டால், பஸ்கி ஆரம்பித்தேன். தண்டால் மூன்றுக்கு மேல் போகவில்லை. இரண்டு கையிலும் வாளித் தண்ணீரோடு கொல்லையைச் சுற்றி நடை வேறு. மூன்று வாரம் கழித்துக் கண்ணாடியைப் பார்த்தால், புஜம் அதே பழைய முருங்கைக்காய்! நம்மாட்கள் பலர் ஜிம்முக்குக் கட்டின பணத்தை மறந்துவிட்டு ஓடிவருவது இந்த இடத்தில்தான்.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. முதல் சில வாரங்களில் கூடுகிற பலம் பெரும்பாலும் தசை பெருத்து வருவதில்லை, நரம்பால் வருவது என்று 1979-லேயே மொரிடானி, டிவ்ரீஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள். சும்மா கிடந்த தசை நார்களையும் மூளை வேலைக்குக் கூப்பிடப் பழகிக்கொள்கிறது. ஆபீஸ் பாஷையில் சொன்னால், புது ஆள் எடுக்கவில்லை. சீட்டில் தூங்கினவர்களை எழுப்பியிருக்கிறது! தசை தடிப்பது அப்புறம்தான்.

ஆனால் சுமை கூடிக்கொண்டே போகவேண்டும். 1940-களில், காயம்பட்ட சிப்பாய்களுக்கு அமெரிக்க ராணுவ டாக்டர் தாமஸ் டிலோர்ம் செய்த வைத்தியமே அதுதான். தினம் அதே பத்துத் தண்டால் என்றால் பலம் அங்கேயே நின்றுவிடும். (முதல் போடாமல் வட்டி கேட்கலாமா? பி.காம். புத்தி!) 'நான்தான் தினம் நடக்கிறேனே' என்றும் தப்பிக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கில், வாரம் 150 நிமிஷ நடை தனி. இரண்டு நாளாவது தசைக்கு வேலை என்பது தனி.

வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். எனக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். அப்பா 62 கிலோதான்.

ஆறாவது வாரம். தண்டால் பதினாறு. சட்டைக் கை துளிகூட இறுகவில்லை. ஆனால் வாசலில் இறக்கிய காஸ் சிலிண்டரை (நிறை சிலிண்டர், ஏறக்குறைய 30 கிலோ) உருட்டாமல் தூக்கிக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்தேன்.

திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா சொன்னார்: "பரவாயில்லையே... இனிமே தைரியமா விழலாம் போலிருக்கே!"