ஒரு கிலோமீட்டருக்கு 648 இழுப்பு

கடலில் கயாக் ஓட்டிவிட்டுக் கரையேறுபவரிடம் கேட்டால் முதலில் சொல்வது கிலோமீட்டர் கணக்கைத்தான். “இன்று 20 கி.மீ.” என்பார். அது படகு போன தூரம். அதற்கு உடம்பு என்ன கொடுத்தது என்பது துடுப்பை எத்தனை முறை இழுத்தோம் என்பதில்தான் இருக்கிறது.

முதலில் அளவை. துடுப்பின் ஒரு முனை தண்ணீரில் இறங்கி ஏறினால் ஒரு இழுப்பு. இடமும் வலமும் சேர்ந்ததை ஒன்றாக எண்ணுவோரும் உண்டு. இரண்டையும் கலந்தால் கணக்கு பாதியாகிவிடும். வலக்கை இழுப்பை மட்டும் ஒரு நிமிடம் எண்ணி இரட்டிப்பதே எளிது.

நிதானமான ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். வேகம் 3 நாட், அதாவது மணிக்கு 5.56 கி.மீ. நிமிடத்துக்கு 60 இழுப்பு என்றால் மணிக்கு 3,600. ஒரு இழுப்புக்குப் படகு நகர்வது 1.54 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 648 இழுப்பு.

மிதமான கயாக் ஓட்டத்துக்கு உடலுழைப்பு அட்டவணை தரும் மதிப்பு 5 மெட். சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல 5 மடங்கு. 70 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 350 கிலோகலோரி, அதாவது 100 இழுப்புக்குச் சுமார் 10. ஒரு சிறிய இட்லியில் 50 கிலோகலோரி என்று வைத்தால், அது 500 இழுப்புக்குத்தான் தாங்கும். ஒரு கிலோமீட்டர்கூட வராது.

வேகம் கூட்டினால் செலவு எகிறும். தேவைப்படும் திறன், தோராயமாக வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது. 3 நாட்டிலிருந்து 4 நாட்டுக்குப் போனால் பயண நேரம் கால்பங்கு குறையும், திறனோ 2.37 மடங்கு வேண்டும். எனக்கு இது நஷ்ட வியாபாரமாகவே படுகிறது.

இனி நீரோட்டம். 10 கி.மீ. போய் 10 கி.மீ. திரும்புகிறோம். அசையாத நீரில் 12,960 இழுப்பு, 3 மணி 36 நிமிடம். இப்போது 1 நாட் நீரோட்டம் இருக்கிறது என்று கொள்ளுங்கள். அதோடு போகும்போது கிலோமீட்டருக்கு 486 இழுப்பு போதும். எதிர்த்து வரும்போது 972. போகும்போது மிச்சமானது திரும்பும்போது ஈடாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆகாது. மொத்தம் 14,580 இழுப்பு. 1,620 இழுப்பும் 27 நிமிடமும் கூடுதல். உதவும் நீரில் 1 மணி 21 நிமிடமே இருக்கிறோம், எதிர்க்கும் நீரில் 2 மணி 42 நிமிடம் இருக்கிறோம். அதுவும் களைத்த தோளோடு. களைப்பில் இழுப்பு 1.54 மீட்டரிலிருந்து 1.40 ஆகச் சுருங்கினால், அசையாத நீரிலேயே 20 கி.மீ.க்கு 1,300க்கும் மேல் இழுப்பு ஏறிவிடும்.

இதே கணக்கைப் பெரிய பயணமொன்றில் வைத்துப் பார்த்தேன். ஜெர்மனியின் ஃப்ரேயா ஹோஃப்மைஸ்டர் 2009இல் ஆஸ்திரேலியாவைத் தனியாகக் கயாக்கில் சுற்றி வந்தார். சுமார் 13,790 கி.மீ., 332 நாள். துடுப்பு பிடித்தது 245 நாள். அப்படியானால் நாளுக்குச் சராசரி 56 கி.மீ. நம் அளவையில் அது நாளுக்கு 36,000க்கும் மேல், மொத்தம் சுமார் 89 லட்சம் இழுப்பு. காற்றும் அலையும் நீரோட்டமும் இந்த எண்ணைக் கூட்டியும் குறைத்தும் இருக்கும். ஆனாலும் நாளுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது கண்முன் நிற்கிறது. அவருக்கு முன் 1982இல் சுற்றி முடித்த நியூசிலாந்துக்காரர் பால் காஃபினுக்கு ஆனது 360 நாள். இந்த இருவரையும் வெறும் கிலோமீட்டரால் அளக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

புதிதாகக் கடலில் இறங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் கிலோமீட்டரில் இழுப்பை எண்ணுங்கள். வழக்கமாக 648 பிடிக்கும் உங்களுக்கு அது 486லேயே முடிந்தால், கடல் உங்களைத் தள்ளிக்கொண்டு போகிறது என்று அறியுங்கள். உடம்பில் 3 மணி நேரத்துக்குத்தான் பலம் என்றால், அப்படிப்பட்ட நாளில் 1 மணி நேரம் முடிவதற்குள் படகைத் திருப்பிவிடுங்கள். மீதி 2 மணி நேரமும் கரை சேரவே வேண்டும்.