நல்ல குழுவைத் தேர்தல்

பீகார், ஜார்க்கண்டு, ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வரும் புகைவண்டிகள் திருப்பூர் நிலையத்தில் நிற்கும்பொழுது, தோளில் பையும் கையில் கைப்பேசியுமாக இளைஞர் பலர் இறங்கக் காண்கிறோம். முன்னாளில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர், தம் ஊரார் குடியிருக்கும் லைன் வீட்டை விசாரித்துக்கொண்டு போவார். இன்று வருபவர்களுள் பலர் வண்டி ஏறும் முன்னரே ஏதேனும் ஒரு வாட்சப் குழுவில் சேர்ந்துவிடுகின்றனர். மாணவ நண்பர்களே, முதன்முதலாகக் கைப்பேசி பெற்ற நீங்களும் அவ்வகையில் புதியவர்களே.

சேர்ந்த இடம் பொல்லாததாயின் என்ன நேரும்? 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நம் ஊர் அதனைக் கண்டது. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று சில காணொளிகள் நாடெங்கும் பரவின. அவற்றுள் ஒன்று பீகார்த் தொழிலாளர் தமக்குள்ளேயே இட்டுக்கொண்ட சண்டை. மற்றொன்று கோவையில் உள்ளூரார்க்கிடையே நிகழ்ந்தது. இவ்வுண்மையைக் காவல் துறைத் தலைவராயிருந்த சைலேந்திர பாபு அறிவித்தார். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகளும் நேரில் வந்து விசாரித்தனர். மார்ச்சு 8ஆம் நாள் ஹோலிப் பண்டிகை. அதற்காக ஊர் சென்றவர்களையும் அஞ்சி ஓடுபவர்கள் என்றே அவ்வதந்தி காட்டிற்று. ஆயிரம் கல் தொலைவில் மகனை நினைத்து அழுத தாய்க்கு இவ்வேறுபாடு எவ்வாறு விளங்கும்?

பிறரைக் குறை கூறுமுன் என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். பழைய மாணவர் குழுவொன்றில் ஒருநாள் ஒரு விபத்துச் செய்தியை ஆராயாது அனுப்பினேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் என் மாணவி, “ஐயா, இது எந்த ஊரில், எப்பொழுது நடந்தது?” என்று பணிவாகக் கேட்டாள். விடை தெரியவில்லை, செய்தியை நீக்கி வருத்தம் தெரிவித்தேன். எவரும் நகைக்கவில்லை. அதே கேள்வியை வேறொரு குழுவில் நான் கேட்டபொழுது, அன்று மாலையே என் பெயரை எடுத்துவிட்டார்கள்! இவ்விரண்டினுள் எது நற்குழு என்று நான் விளக்க வேண்டுவதில்லை.

ஆதலின், புதிதாகச் சேர்ந்தவுடன் பேசத் தொடங்காமல் பத்து நாள் கவனித்திருங்கள். நடத்துபவர் தம் பெயரை வெளிப்படச் சொல்கிறாரா? பிழை நேர்ந்தால் திருத்தம் வருகிறதா? வேலை தருவதாகக் கூறி முன்பணமோ, ஆதார் நகலோ, கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணோ கேட்பவர் உள்ள இடத்தில் ஒரு நாழிகையும் தங்க வேண்டா. இரட்டை அம்புக்குறி தாங்கிய வாட்சப் செய்தி பல கை மாறி வந்தது என்பதும் நினைவிருக்கட்டும். அத்தகையதை ஒரு நேரத்தில் ஒருவர்க்கோ ஒரு குழுவிற்கோ மட்டுமே அனுப்ப இயலும் என 2020இல் அந்நிறுவனமே வரையறுத்தது.

கற்கும் ஆர்வமுடையார்க்கு 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துக்காட்டுவேன். அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் வரலாற்றுப் பக்கமும் உரையாடற் பக்கமும் உண்டு. யார், எப்பொழுது, எதனை மாற்றினார் என்பது எல்லார்க்கும் தெரியும். சான்று கேட்பது அங்கே வழக்கம், குற்றமன்று. நம் ஊர்ப் பின்னலாடைத் தொழிலைப் பற்றி நீங்களே சான்றுடன் ஒரு வரி சேர்த்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. உங்கள் தெருவிலுள்ள லைன் வீட்டிற்கு ஒடிசாவிலிருந்து வந்த இளைஞன், தமிழ் எழுத்தில் வந்த செய்தியொன்றைக் காட்டி அதன் பொருளைக் கேட்கக்கூடும். படித்துச் சொல்லுங்கள், அதை அனுப்பியவர் யார் என்றும் அவனைக் கேளுங்கள்.