கணினிக்குள் ஒரு விதிப் பலகை

போர்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில், லுக்குட்டானாலும் சிலியாவானாலும், செக்ரோல் என்றால் தெரியாத பழைய குடும்பம் இராது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்தால்தான் அன்றைய வேலை கணக்கில் ஏறும். கிராணியாரின் அந்தப் பெரிய புத்தகத்தில் பெயருக்கு ஒரு கட்டம், நாளுக்கு ஒரு கட்டம் என்று முன்பே கோடு போட்டிருக்கும். புதிய கட்டம் வேண்டுமென்றால் புத்தகத்தையே மாற்ற வேண்டும்.

கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளை வரிசைக்கு நிரல் என்று பெயர். 1957இல் வந்த ஃபோர்ட்ரான் போன்ற தொடக்ககால மொழிகளில், நிரல் ஓடத் தொடங்கும் முன்பே கட்டங்கள் எல்லாம் முடிவாகிவிடும்.

பின்னர் வேறோர் எண்ணம் வளர்ந்தது. 1972இல் அமெரிக்காவில், செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில், ஆலன் கேயும் அவருடைய தோழர்களும் ஸ்மால்டாக் என்ற மொழியை உருவாக்கினார்கள். சிறுவர்களும் கணினியைக் கையாள வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அந்த மொழியில் எல்லாமே 'பொருள்'. தன்னைப் பற்றிய விவரங்களை வைத்துக்கொண்டு, கேட்ட வேலையைச் செய்து தரும் ஒரு சிறு அலகுதான் பொருள். நெதர்லாந்தில் குய்டோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட பைத்தான் மொழியிலும் எல்லாமே பொருள்தான்.

செக்ரோலில் உள்ள ஒவ்வோர் ஆளையும் ஒரு பொருளாக எண்ணிக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் பொதுவான விதிகளைச் சொல்வது 'வகுப்பு'. 'ஓ, முறுக்கு அச்சு மாதிரியா?' என்று தாய்மார்கள் கேட்கலாம். பாதி சரி. ஒரே வகுப்பிலிருந்து பல பொருள்களைப் பிழிந்தெடுக்கலாம். ஆனால், அச்சை மாற்றினால் முன்பே பொரித்த முறுக்கு மாறுமா? மாறாது. பைத்தானில் வகுப்பிலுள்ள விதியை மாற்றினால், முன்பே பிறந்த பொருள்களும் புதிய விதிப்படியே நடக்கும்.

காரணம் என்ன? பொருள் தன் விதியைக் கையில் வைத்திருப்பதில்லை. 'இந்த மாதச் சம்பளம் எவ்வளவு?' என்று கேட்டால், கணக்கிடும் வழி தன்னிடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இல்லையென்றால் வகுப்பைப் பார்க்கும். அங்கும் இல்லையென்றால் அதற்கு மேலுள்ள தாய் வகுப்பைப் பார்க்கும். ஆபீஸ் வாசலில் மாட்டிய அறிவிப்புப் பலகையை ஒவ்வொரு முறையும் போய்ப் படிப்பது போல. நண்பகலில் பலகையில் தாளை மாற்றினால், பிறகு படிப்பவர் எல்லாருக்கும் புதிய விதிதான்.

இன்னொரு வியப்பும் உண்டு. அந்தப் பலகையும், அதாவது வகுப்பும், ஒரு பொருளே. ஆகவே ஒரு நிரல் அதைக் கையிலெடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், புதிதாக ஒன்றை ஆக்கவும் செய்யலாம். நிரலையே கையாளும் இந்த வேலைக்கு மீநிரலாக்கம் என்று பெயர். தமிழிலேயே இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு உண்டு. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழி 2013இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. அதில் 'பதிப்பி' என்று எழுதினால் கணினி பதிப்பித்துக் காட்டும். அந்தத் தமிழ் வரிகளைப் படித்துப் பிரித்து நிறைவேற்றுவது பைத்தானில் எழுதப்பட்ட இன்னொரு நிரல்!

இவ்வளவு உரிமை இருக்கும் இடத்தில் ஆபத்தும் இருக்கும். 2008இல் வந்த மூன்றாம் பைத்தான் முதல், விவரங்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஒருவருடைய 'சம்பளம்' என்ற விவரத்தைக் கூட்டி எழுத நினைத்தவர், கைதவறிச் 'சம்பலம்' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? கணினி முணுமுணுக்காது. சம்பலம் என்று புதுக் கட்டம் ஒன்றைத் திறந்து, கூடுதல் தொகையை அதில் போட்டுவிடும். சம்பளம் பழையபடியே நிற்கும். சம்பள நாளில் குறைவது நம் கைக்காசு.

இதற்கு மருந்தும் அந்த மொழியிலேயே இருக்கிறது. 'இந்தப் பெயர்கள் மட்டுமே செல்லும்' என்று வகுப்பில் முன்கூட்டியே வரம்பு கட்டலாம். பிறகு பிழையான பெயரைக் கணினி ஏற்காது. 'உன்னிடம் என்னென்ன இருக்கின்றன?' என்று பொருளையே கேட்கவும் செய்யலாம். அது பட்டியல் தரும்போது சம்பளமும் சம்பலமும் அடுத்தடுத்து நின்று குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே நேயர்களே, சம்பளச் சீட்டில் கணக்கு இடித்தால், 'கணினி அப்படித்தான் காட்டுகிறது' என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். எந்த விதிப்படி கணக்கிட்டார்கள், அந்த விதி எப்போது மாறியது என்று பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். கணினிக்குள் இருக்கும் பலகையையும் யாரோ ஒரு மனிதர்தான் எழுதியிருக்கிறார். அதைப் படிக்கத் தெரிந்தவர்களாக நம் பிள்ளைகள் வளரட்டும்.